கொம்பனித்தெரு மலாய்: ஒரு மொழியின் வரலாறும் இயல்பும்



ஐரோப்பாவின் வடபகுதியில், பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியா என்றொரு சிறிய நாடு உண்டு. அதன் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழப் பதினொரு இலட்சம் பேர். அம்மொழியில் வீட்டுக்கு 'மயா' என்று பெயர். 'மயாஸ்' என்றால் வீட்டிலே. 'மயாஸ்ட்' என்றால் வீட்டிலிருந்து. 'மயாகா' என்றால் வீட்டோடு. 'மயாட்டா' என்றால் வீடின்றி. இப்படிப் பெயர்ச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் வேற்றுமைகள் பதினான்கு. நமது தொல்காப்பியர் விளியோடு சேர்த்து எட்டுடன் நிறுத்திக்கொண்டார். ஆண்பால், பெண்பால் என்ற பேதம் அங்கே இல்லை. அவன், அவள் இருவருக்கும் ஒரே சொல்தான்.

சொல்லின் பின்னே உருபு ஒட்டும் இந்தப் பாங்கைக் கண்டுதான், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், பின்னிய மொழி முதலானவற்றை உள்ளடக்கிய 'சித்தியக்' குடும்பத்தோடு தமிழை உறவாக்கிப் பார்த்தார். எஸ்தோனிய மொழி பின்னியத்தின் உடன்பிறப்பு. அந்த உறவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஒரே மாதிரி உடுத்தியவர்கள் எல்லோரும் ஒரு தாய் மக்கள் அல்லரே.

ஆனால் உறவே இல்லாத ஒரு மொழி, நம்மோடு பழகிப் பழகி நமது உடையை உடுத்திக்கொண்டது உண்டா என்று கேட்டால், உண்டு. அதைக் காண எஸ்தோனியாவுக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ரயிலேறிப் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொம்பனித்தெருவில் இறங்கினால் போதும். ஜாவா லேன் என்றும், மலே வீதி என்றும், ரைபிள் வீதி என்றும் அங்குள்ள தெருக்களின் பெயர்களே நமக்குக் கதை சொல்லும். இலங்கை மலாயர் பேசும் மொழியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

'சாவகம்' என்ற பெயர் தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையிலே ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து ஆண்ட நாடு சாவக நாடு. 13ஆம் நூற்றாண்டில் தாம்பிரலிங்கத்து மன்னன் சந்திரபானு இந்தத் தீவின்மீது படையெடுத்து வந்தான். அவனுடைய ஆட்கள் தங்கிய இடமே சாவகச்சேரி என்று சொல்வோரும் உளர். ஆனால் இன்றைய மலாயர் அவர்களுடைய வழித்தோன்றல்கள் அல்லர். இவர்களைக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்கள் 1757இல் கட்டி முடிந்த வுல்பெண்டால் தேவாலயத்தை நாள்தோறும் பார்க்கிறார்கள். அது ஒல்லாந்தர் கல்லிலே விட்டுச் சென்ற சின்னம். இந்த மலாய் மொழி அவர்கள் அறியாமலே விட்டுச் சென்ற இன்னொரு சின்னம். ஒல்லாந்தக் கொம்பனியின் கிழக்குத் தலைநகர் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கிருந்து படைவீரர்கள் வந்தார்கள். அடிமைகளும் குற்றவாளிகளும் வந்தார்கள். கொம்பனிக்கு அடங்காத மன்னர்களும் பெரியார்களும் நாடுகடத்தப்பட்டு வந்தார்கள். மக்காசரின் ஞானியான ஷெய்கு யூசுப் 1684இல் இங்கு அனுப்பப்பட்டு, பத்து ஆண்டுகளின் பின் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்பட்டார். மாதாரம் அரசின் மூன்றாம் அமங்குராத் மன்னன் 1708இல் வந்து சேர்ந்தான்.

அக்காலத்தில் ஜாவா மக்கள் நமது தீவைச் 'செலோங்' என்றார்கள். சிலோன் என்பதன் மரூஉ அது. காலப்போக்கில் அந்தப் பெயரே வினைச்சொல்லாகி, 'செலோங் ஆக்குதல்' என்றால் ஒருவனை நாடுகடத்துதல் என்று பொருள்பட்டது. நாம் இரத்தினதுவீபம் என்றும் ஈழம் என்றும் பாடிக்கொண்டிருந்த அதே நாடு, கடலுக்கு அப்பால் ஒரு தண்டனையின் பெயராக இருந்திருக்கிறது.

வந்தவர்கள் ஓர் ஊரவர் அல்லர். ஜாவா, மதுரா, அம்போன், பாலி, மக்காசர் என்று பல தீவினர். வீட்டிலே பல மொழியினர். பொதுவாகப் புழங்கியது பத்தாவியாத் துறைமுகத்தின் சந்தை மலாய். அதில் நான் என்பதற்குக் 'கோ', நீ என்பதற்கு 'லூ'. இந்த இரண்டும் மலாயே அல்ல, பத்தாவியாவில் வாணிபம் செய்த சீனரின் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தவை. கப்பலேறும்போதே கலந்த மொழிதான் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலாயிலே நமது சொற்களும் முன்னரே குடியேறியிருந்தன. கப்பல் அவர்களுக்குக் 'காப்பல்', கடை 'கெடை', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', குளம் 'கோலம்', மாளிகை 'மஹ்லிகை'. சோழர் காலத்துக்கு முன்பிருந்தே வணிகரோடு கிழக்கே போன தமிழ்ச் சொற்கள் சில, ஒல்லாந்தரின் கைதிகளோடு திரும்பி வந்து நம் பக்கத்துத் தெருவில் இறங்கின என்று நினைக்கும்போது வியப்பாகவே இருக்கிறது. பதிலுக்கு நாமும் வாங்காமலில்லை. நாம் உடுத்தும் சாறம் மலாயரின் 'சாருங்'. பண்டிகைக்கு வாங்கும் தொதல் அவர்களின் 'டோடோல்'.

இனி இம்மொழியின் இயல்புக்கு வருவோம்.

மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ பேசப்படும் மலாயில் எழுவாய் முதலிலும் பயனிலை நடுவிலும் செயப்படுபொருள் இறுதியிலும் நிற்கும். 'சாயா மாகான் நாசி' என்பார்கள். 'நான் சாப்பிடுகிறேன் சோறு' என்ற ஒழுங்கு. கொழும்பு மலாயரோ 'கோ நாசி அரமாகங்' என்பார்கள். 'நான் சோறு சாப்பிடுகிறேன்.' வினைமுற்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. மாகான் என்பது மாகங் ஆனதையும் கவனியுங்கள். சொல்லிறுதி னகரம் இங்கே ஙகரமாகிவிடும்.

அங்கே வீட்டுக்கு என்பது 'கே ரூமா'. வீட்டில் என்பது 'டி ரூமா'. வீட்டிலிருந்து என்பது 'டாரி ரூமா'. உருபு முன்னே வரும், பெயர் பின்னே வரும். இங்கே அது தலைகீழாகிவிட்டது. வீட்டுக்கு 'ரூமாநங்', வீட்டில் 'ரூமாக', வீட்டிலிருந்து 'ரூமாரிங்', வீட்டினுடைய 'ரூமாபே'. ஊருக்கு ஊர் இந்த உருபுகள் சற்று மாறினாலும் முறை ஒன்றே. மலாய் மொழிக்கு வேற்றுமை உருபு என்ற சமாசாரமே கிடையாது. தன்னிடமிருந்த பழைய சொற்களைத் தேய்த்துச் சிறிதாக்கிப் பெயருக்குப் பின்னால் கோத்து, இரண்டாம் வேற்றுமை முதல் ஏழாம் வேற்றுமை வரை செய்துகொண்டிருக்கிறது. நான் தொடக்கத்தில் சொன்ன எஸ்தோனிய 'மயா'வும் இந்தக் கொம்பனித்தெரு 'ரூமா'வும் இப்போது ஒரே வரிசையில் நிற்கின்றன, அல்லவா?

தமிழிலே 'நான் பசிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை; 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். 'எனக்குத் தெரியும்', 'எனக்கு விருப்பம்' என்கிறோம். நம் மனத்திலும் உடலிலும் தானாக நிகழ்வதற்கு நாம் எழுவாய் ஆவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறோம். பொது மலாயில் 'நான் பசி', 'நான் தெரியும்' என்பதே வழக்கு. இலங்கை மலாயரோ, மலைநாட்டு வழக்கில், 'செதங் தாவு' என்பார்கள். 'செ' என்றால் நான், 'தங்' என்பது கு உருபு. எனக்குத் தெரியும்! ஒரு மொழி சொல்லைக் கடன் வாங்குவது எளிது. எது செயல், எது நேர்வு என்று உலகத்தைப் பிரித்துப் பார்க்கும் பார்வையைக் கடன் வாங்குவது அவ்வளவு எளிதன்று. அதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

வினையெச்சமும் பெயரெச்சமும் தமிழ் வாக்கியத்தின் முதுகெலும்புகள். 'சாப்பிட்டு, வீட்டுக்குப் போனான்' என்பதை இலங்கை மலாயர் 'அசமாகங், ரூமாநங் சுபீ' என்பார்கள். 'அசமாகங்' என்பது 'சாப்பிட்டு' என்ற நமது வினையெச்சமேதான். பொது மலாயில் 'வந்த ஆள்' என்பதை 'ஆள், வந்த' என்ற ஒழுங்கில், நடுவே ஓர் இணைப்புச் சொல்லிட்டுச் சொல்வார்கள். இங்கே 'அனதாதங் ஓரங்'. வந்த ஆள், இணைப்புச் சொல்லே இல்லை. 'என்று' என்ற நமது சிறு சொல்லுக்குக்கூட அவர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். 'வருவேன் என்று சொன்னான்' என்னும்போது அந்த 'என்று' உள்ள இடத்தில் 'காத்தா' வரும். மலாயில் காத்தா என்றால் சொல்லுதல். நமது 'என்று' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்ற பழைய வினையின் எச்சந்தானே!

எனக்கு மிகப் பிடித்தவை இடைச்சொற்கள். உம், ஓ, ஆ, தான் என்பவை இல்லாமல் நமக்கு ஒரு நாழிகை பேச முடியாது. அவர்களுக்கும் அப்படித்தான். 'லே' என்பது உம். 'ஸோ' என்பது ஓ. 'ஸி' என்பது வினா ஆகாரம். 'ஜோ' என்பது தான். 'கோலே லூலே' என்றால் நானும் நீயும். 'சாபா' என்றால் யார். 'சாபஸோ' என்றால் யாரோ. 'ஆபா' என்றால் என்ன. 'ஆபலே த்ரா' என்றால் ஒன்றும் இல்லை. ஓசைகள் வேறு, ஆனால் மூட்டுகள் எல்லாம் நம் வீட்டுத் தச்சன் போட்டவை போல இருக்கின்றன.

இவ்வளவையும் மாற்றிய மொழி ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டது. காலம் காட்டும் உறுப்புகள் நமக்கு வினையின் பின்னே வரும்; அவர்களுக்கு இன்னும் முன்னேதான். 'அர' நிகழ்காலம், 'சு' இறந்தகாலம். இவை 'அடா', 'சூடா' என்ற பழைய மலாய்ச் சொற்களின் தேய்வு. அவன், அவள், அவர்கள் என்று வினை விகுதி மாறுவதும் இல்லை.

இதெல்லாம் எப்படி நேர்ந்தது? இங்கே அறிஞர்களிடையே வழக்கு உண்டு. இலங்கை மலாயரின் வரலாற்றை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா அவர்கள். மலாய்ப் படைவீரர் பலர் இங்கே தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்தனர் என்பதும், பிள்ளைகள் தாயின் தமிழையும் தந்தையின் மலாயையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தனர் என்பதும் அவருடைய விளக்கம். பள்ளிவாசலிலும் மார்க்கப் போதனை பெரிதும் தமிழிலேயே நடந்தது. மறுதரப்பில் உம்பர்த்தோ அன்சால்டோ போன்றோர், மணவுறவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது, சிங்களமும் தமிழும் ஒருங்கே அழுத்தியதன் விளைவு இது என்பர். நாம் தமிழர் என்பதற்காக அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடலாகாது. மேலே நான் காட்டியவற்றில் பெரும்பாலானவை பேச்சுச் சிங்களத்திலும் அப்படியே உள்ளன. வினைமுற்று கடைசியில் வருவது, 'எனக்குப் பசி' என்பது, பெயருக்குப் பின் உருபு வருவது எல்லாம் அங்கும் உண்டு. வினையில் திணை பால் காட்டாமை பேச்சுச் சிங்களத்துக்கே நெருக்கம். 2009இல் மலைநாட்டு மலாய்க்கு விரிவான இலக்கணம் ஒன்றை எழுதிய செபஸ்தியான் நோர்ட்ஹோவ் இரு மொழிகளின் சாயலையும் பதிவு செய்திருக்கிறார். எனது எண்ணம் இதுதான்: தமிழும் சிங்களமும் இலக்கணத்தில் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இந்த மூன்றாம் மொழியே சாட்சி. இன்ன அம்சம் யாருடையது என்று பிரித்துக் காட்ட அறிஞர்களே திண்டாடுகிறார்கள். அரசியல் மேடைகளில் ஏறாத சாட்சி அது.

பேச்சு மொழியை விட்டு எழுத்துக்கு வருவோம். இலங்கை மலாயர் தங்கள் மொழியை அறபு எழுத்தில் எழுதினர்; அதை இங்கே 'குண்டுல்' என்பர். உயிர்க்குறி இடாமல் எழுதுவதால் 'மொட்டை' என்று பொருள்பட ஜாவாக்காரர் வைத்த பெயர். நமது முஸ்லிம்களின் அறபுத் தமிழ் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஹிகாயத் எனும் நெடுங்கதைகளையும், ஸ்யாயிர் எனும் செய்யுட்களையும் படைவீரர்கள் பாசறையிலே பிரதி செய்து பாதுகாத்தனர். எழுதும்போது அவர்கள் கையாண்டது செந்தரமான மலாய். பேசும்போது நாம் மேலே பார்த்த மொழி. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்ற வழக்கம் நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம்.

1869ஆம் ஆண்டு கொழும்பிலே 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை கல்லச்சில் வெளிவந்தது. நடத்தியவர் பாபா யூனுஸ் சால்தீன். மதுரா தீவின் சுமெனெப்பிலிருந்து வந்த குடும்பத்தவர். சிங்கப்பூரில் 'ஜாவி பெரானக்கான்' என்ற மலாய்ப் பத்திரிகை தோன்றியது 1876இல். ஆக, மலாய் உலகின் ஓரத்தில் கிடந்த கொழும்பு ஏழு ஆண்டுகள் முந்திக்கொண்டது. சிங்கப்பூர்ப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள், தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த சமூகத்தினர் என்பது இன்னொரு சுவையான செய்தி. 'அலாமத் லங்காபுரி' நெடுங்காலம் நிலைக்கவில்லை. சால்தீன் சோரவில்லை, 1895இல் 'வஜா செலோங்' என்று மறுபடியும் ஒன்றைத் தொடங்கினார். 1905இல் தம் வரலாற்றைச் செய்யுளாகவும் வெளியிட்டார்.

ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட நூல் ஒன்று, 'ஆயிரம் வினாக்கள்' எனும் அறபுக் கதை ஜாவா மொழியிலும் மலாயிலும் தமிழிலும் எடுத்த வடிவங்களை ஒப்பிடுகிறது. தமிழ் வடிவம் வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா', 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று மொழிகளும் ஒரே கதையைத் தத்தம் மரபில் சொல்லிக்கொண்டிருந்தன. அம்மூன்றும் ஒரே தெருவில் சந்தித்த இடங்களில் கொழும்பும் ஒன்று. அந்தத் தெருவைப் பற்றி நமது இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு வரியும் எழுதவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த 1869ஆம் ஆண்டிலேதான் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் முதலாவது தேசியப் பாடல் விழா நடந்தது. அதை முன்னின்று நடத்திய யான்சனும் ஒரு பத்திரிகையாளரே. அப்போது எஸ்தோனிய மொழி குடியானவன் மொழி. படித்தவன் ஜேர்மன் பேசுவான். ஐம்பது ஆண்டுகளின் பின், 1919இல், அதே தார்த்துப் பல்கலைக்கழகத்தில் எஸ்தோனிய மொழியில் விரிவுரை தொடங்கிவிட்டது. இடையே பள்ளிக்கூடம் இருந்தது. இலட்சக்கணக்கில் மக்கள் இருந்தனர். பிறகு நாடும் அமைந்தது. அதன் அயலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த லிவோனிய மொழி இருந்தது. லத்வியக் கடலோரத்து மீனவர் சிலரின் மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2013இல் காலமானார்.

இலங்கை மலாய்க்கு நாடு இல்லை. ஆனால் ஒரு படைப்பிரிவு இருந்தது. ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் மலாய் வீரரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, 1827முதல் இலங்கை ரைபிள் படை என்று பெயரிட்டனர். பாசறையும் அதன் பாடசாலையும் மொழிக்குக் கூரையாயின. 1873இல் படையைக் கலைத்தார்கள். வீரர் பொலிசுக்கும் சிறைச்சாலைக்கும் தீயணைப்புக்கும் தோட்டங்களுக்கும் போனார்கள். படை கலைய ஓராண்டு முன் தொடங்கிய மலாய்க் கிரிக்கெட் கழகம் நிலைத்தது, பத்திரிகை நிலைக்கவில்லை. படித்த மலாயர் ஆங்கிலத்துக்கு மாறினர். 1956இன் பின் சிங்களமும் வீட்டுக்குள் வந்தது. ஸாஹிராக் கல்லூரியைக் கட்டி வளர்த்த ரி. பி. ஜாயா மலாயர், ஆனால் மலாய் மொழிமூலப் பாடசாலை என்று நாட்டில் ஒன்றுகூட எழவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மலாயர் ஏறத்தாழ 44,000 பேர். அவர்களில் பிள்ளைகளோடு மலாய் பேசுவோர் இதிலும் குறைவு. அண்மை ஆண்டுகளில் கொம்பனித்தெருவின் சிறு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்து, அயலவர்களாய் இருந்த குடும்பங்கள் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறியுள்ளன.

மொழியைக் காக்க வேண்டும் என்று சமூகத்திலே முயற்சிகள் இல்லாமலில்லை. ஆனால் எந்த மொழியை? கோலாலம்பூரின் பொது மலாயைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் உலகத்தோடு உறவு கிடைக்கும், தொழிலும் கிடைக்கலாம் என்பது ஒரு கட்சி. அந்த நியாயத்தை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் அந்தக் கட்சியில் சிலர், வீட்டிலே பேசுவது 'உடைந்த மலாய்', இலக்கணமில்லாத மொழி என்று வெட்கப்படுகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். எட்டு வேற்றுமையும் எச்சமும் இடைச்சொல்லும் உள்ள மொழியை இலக்கணமில்லாதது என்று எப்படிச் சொல்வது? பொது மலாயில் இல்லாத இலக்கணம் அல்லவா இதில் இருக்கிறது! யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் மலையகப் பேச்சையும் 'கொச்சை' என்று தள்ளி, பிறகு கதைகளிலும் நாடகங்களிலும் அவற்றையே தேடிப் பிடித்து எழுதிய நமக்கு இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததல்ல. பொது மலாய் வகுப்பிலே 'டி ரூமா' என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, பாட்டியின் 'ரூமாக'வைத் திருத்தத் தொடங்கினால் பாட்டி அதன் பிறகு பேரனோடு சிங்களத்திலேயே பேசிவிடுவாள்.

இந்த மொழி தயக்கமின்றிப் பேசப்படும் இடம் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கடற்கரைக் கிராமமான கிரிந்தை. கொழும்பைப் போல வசதி படைத்த ஊரல்ல, மீன்பிடிக்கும் ஊர். அங்கே பிள்ளைகள் பாடசாலைக்குப் போகுமுன் முதலில் கற்பது மலாய்தான் என்று அங்கு சென்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாதாரம் அரசன் பேசிய மொழியுமல்ல, கோலாலம்பூர் வானொலி பேசும் மொழியுமல்ல. 'கோலே லூலே' என்று அவர்கள் கடற்கரையில் கூவிக்கொண்டு ஓடும்போது, 'நானும் நீயும்' என்று மொழிபெயர்க்க நமக்கு ஓர் உம்மைகூட அதிகமாகத் தேவைப்படாது.